நல்ல மனசு மட்டும் போதுமா?



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு உதவி செய்ய வந்த நண்பன் ஒருவன், முழுக்க முழுக்க நல்ல எண்ணத்தோடு, உங்கள் வேலையைக் கெடுத்துவிடுகிறான். அவன்மேல் கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறதா?

"நல்ல மனசோடதானே செஞ்சான், விடுப்பா" என்பார்கள் சிலர். "அவன் நல்ல மனச வெச்சி நான் என்ன பண்றது? போனது போனதுதானே" என்பார்கள் வேறு சிலர். நான் ரொம்ப நாள் இரண்டாவது கட்சியில் இருந்தேன். ஒரு நண்பனோடு ஐந்து மாதம் பேசாமல் இருப்பதற்கு அந்தக் கட்சிதான் எனக்கு நியாயம் கொடுத்தது. இப்போது முதல் கட்சிக்கு மாறிவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே அரைகுறையானது என்று இப்போது தோன்றுகிறது. அப்படித் தோன்றவைத்தது ஒரு சிரிப்புப் படம். 1932-இல் வந்தது. கறுப்பு வெள்ளை. மொத்தமே இருபது நிமிடம்தான்.

படத்தின் பெயர் 'ஹெல்ப்மேட்ஸ்'. லாரல் - ஹார்டி நடித்தது. அமெரிக்காவில் ஹால் ரோச் ஸ்டுடியோ தயாரித்தது, ஜேம்ஸ் பாரட் இயக்கியது. எங்கள் தாத்தா பசார் மாலாமில் வாங்கி வைத்திருந்த லாரல் - ஹார்டி விசிடிகளில் இதுவும் ஒன்று. சின்ன வயதில் வெள்ளிக்கிழமை இரவுகளில் தாத்தாவோடு உட்கார்ந்து பார்ப்போம். குண்டானவர் ஆலிவர் ஹார்டி, அவரைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் 'ஆலி'. தாத்தா காதுக்கு அது 'ஒல்லி' என்று விழும். "பாத்தியாடா, குண்டனுக்குப் பேரு ஒல்லியாம்!" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சிரிப்பார். நிஜமான ஒல்லி, ஸ்டேன் லாரல்.

கதை ரொம்பச் சாதாரணம். மனைவி ஊரில் இல்லாத நேரத்தில் ஆலி வீட்டில் பெரிய பார்ட்டி நடந்திருக்கிறது. வீடு குப்பைமேடு மாதிரி கிடக்கிறது. மனைவி திரும்பி வருவதாகத் தந்தி வருகிறது. ரயில் நிலையத்துக்குப் போய் அவளை அழைத்துவர வேண்டும், அதற்குள் வீடு சுத்தமாகிவிட வேண்டும். ஆலி நண்பன் ஸ்டேனைக் கூப்பிடுகிறான். ஸ்டேனும் வருகிறான்.

பிறகு நடப்பதுதான் படம். புகைக்குழாய்க் கரி ஆலி தலையில் கொட்டுகிறது. மாவு கொட்டுகிறது. ஸ்டேன் பாத்திரம் கழுவிய தண்ணீரை வெளியே வீச, அது சரியாக ஆலிமேல் விழுகிறது. ஒவ்வொரு உடையாக நாசமாகி, கடைசியில் மாட்டிக்கொள்ள வேறு எதுவும் இல்லாமல், வாளும் தொப்பியும் வைத்த ஒரு பகட்டான சீருடையைப் போட்டுக்கொண்டு மனைவியை அழைக்கப் போகிறான். இடையில் ஸ்டேன் வீட்டை ஒருவழியாகச் சுத்தம் செய்தும் விடுகிறான். நண்பனும் அவன் மனைவியும் வரும்போது வீடு கதகதப்பாக இருக்கட்டுமே என்று கணப்பில் விறகு அடுக்கி, அது சீக்கிரம் பற்றட்டும் என்று பெட்ரோல் ஊற்றி, தீக்குச்சியைப் போடுகிறான்.

ஆலி திரும்பி வரும்போது கண் கறுத்து வீங்கியிருக்கிறது. கூட மனைவி இல்லை. வீடும் இல்லை. எரிந்துபோன சுவர்களுக்கு நடுவே ஒரு நாற்காலி. அதில் போய் உட்காருகிறான். ஸ்டேன் அழுகையோடு நடந்ததைச் சொல்கிறான். ஆலி திட்டவில்லை. நான் தனியாக இருக்க வேண்டும், போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ என்று மட்டும் கேட்டுக்கொள்கிறான். கூரையே இல்லாத வீட்டில் மிச்சம் நிற்கிற கதவை ஸ்டேன் பத்திரமாகச் சாத்திவிட்டுப் போகிறான். மழை பிடித்துக்கொள்கிறது. நனைந்தபடி உட்கார்ந்திருக்கும் ஆலி, தன் உடையில் ஒட்டியிருந்த ஒரு தூசியைத் தட்டிவிடுகிறான். படம் முடிந்தது.

அந்த இடம் வந்தால் தாத்தா சிரிப்பை நிறுத்திவிட்டு, "பாவம்டா ஒல்லி" என்பார். வீடு போனவன் ஆலிதானே, பாவம்தான் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

போன செமஸ்டரில் எங்கள் குழு ஒரு ரோபோ செய்தது. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்து அதன்மேலேயே ஓட வேண்டிய சின்ன வண்டி. மறுநாள் காலை விரிவுரையாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். இரவு இரண்டு மணி. குழுவில் மற்ற இருவரும் தூங்கிவிட்டார்கள். வண்டியின் ஒரு சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுகிறது என்று நான் ஒரு மணி நேரமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுத் தோழன் ஒருவன் எழுந்து வந்து, "நான் ஏதாச்சும் செய்யவா மச்சான்?" என்றான். அவன் சிவில் இஞ்சினியரிங் மாணவன். கான்கிரீட், இரும்பு என்றால் மணிக்கணக்கில் பேசுவான். சர்க்யூட் அவன் பாடம் இல்லை.

எனக்கு அவன் வந்ததே பெரிய நிம்மதி. லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், மேசைப் பக்கம் கையைக் காட்டி, "அத மட்டும் மாத்தி போட்டுடுடா" என்றேன்.

நான் சொன்னது பேட்டரியை. மேசையில் சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒன்று இருந்தது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடு என்று அர்த்தம். அவன் காதில் விழுந்தது வேறு. சக்கரம் தலைகீழாகச் சுற்றுகிறது என்று நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டு இருந்தவன் அவன். ஒயரைத் தலைகீழாக மாற்றிப் போட்டால் சக்கரம் நேராகச் சுற்றும் என்று எடுத்துக்கொண்டான். யோசித்துப் பார்த்தால் அதில் பாதி சரிதான். மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரை மாற்றினால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். அவன் மாற்றியது பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு, கறுப்பு ஒயர்களை. திருகாணியைக் கழற்றி, அக்கறையாக மாற்றி மாட்டி, இறுக்கிவிட்டு, சுவிட்சைப் போட்டான்.

ஒரு சின்ன சத்தம். பிறகு அந்த வாசனை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்களுக்கு அது எந்த வாசனை என்று சொல்லத் தேவையில்லை. மோட்டார் டிரைவர் போர்டு போச்சு. இரவு இரண்டரைக்கு எந்தக் கடையில் போய் வாங்குவது? காலையில் வண்டி ஓடவில்லை. பாஸ் மார்க் மட்டும் கிடைத்தது. மூன்று பேருக்கும் பாயிண்டர் இறங்கியது.

அந்த இரவு நான் அவனிடம் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். "உன்ன யாருடா உதவி செய்ய சொன்னா, முட்டாள்?" என்றேன். தூங்கியவர்கள் எழுந்து வந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவன் பதில் பேசவில்லை. அதன் பிறகு ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு இல்லை. செமஸ்டர் முடிந்ததும் தொழிற்பயிற்சிக்காக ஜோகூர் பாரு போய்விட்டான்.

இந்த விடுமுறையில் என் தங்கச்சியோடு 'ஹெல்ப்மேட்ஸ்' திரும்பப் பார்த்தேன். சின்ன வயதில் கவனிக்காத ஒன்று முதல் காட்சியிலேயே இருந்தது. படம் ஆலியின் முகத்தோடு ஆரம்பிக்கிறது. நம்மைப் பார்த்து அவன் திட்டித் தீர்க்கிறான். வெட்கமாக இல்லையா, இப்படியா நடந்துகொள்வது என்கிற மாதிரி. யாரைத் திட்டுகிறான் என்று பார்த்தால், எதிரில் இருப்பது கண்ணாடி. தன்னைத்தான் திட்டிக்கொள்கிறான். அந்தப் பார்ட்டியும் குப்பையும் அவன் வேலை. அந்தத் திட்டு போய்ச் சேர வேண்டிய ஆளுக்கு அந்த ஒரே காட்சியில்தான் போய்ச் சேருகிறது. ஸ்டேன் வீட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து எல்லாத் திட்டும் ஸ்டேனுக்கு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உன்ன யாருடா உதவி செய்ய சொன்னா?" என்று கேட்டேனே, அதற்குப் பதில் ரொம்பச் சுலபம். நான்தான் சொன்னேன்.

இங்கேதான் என் கேள்வி அரைகுறை என்று புரிந்தது. உதவி செய்தவனுடைய எண்ணம் நல்லதா, விளைவு கெட்டதா, இரண்டில் எதை வைத்து அவனை எடை போடுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். தராசில் அவன் மட்டும்தான் இருந்தான். உதவி கேட்டவன் எங்கே?

உதவி கேட்பதும் ஒரு செயல். அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். 'அத', 'மாத்தி போடு' என்ற இரண்டே சொல்லில் ஒரு வேலையைத் தூக்கிக் கொடுத்தேன். நம் பேச்சுத் தமிழில் 'மாத்தி போடு' என்றால் வேறொன்றைப் போடு என்றும் அர்த்தம், திருப்பிப் போடு என்றும் அர்த்தம். எதைச் சொன்னேன் என்று விளக்க ஐந்து வினாடி ஆகியிருக்கும். அந்த ஐந்து வினாடியைக்கூட நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

அப்படியென்றால் ஸ்டேன்மேல் தப்பே இல்லையா? கணப்பில் பெட்ரோல் ஊற்றியது யார்? நிச்சயம் தப்பு இருக்கிறது. நல்ல எண்ணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த விஷயத்தில் நாம் அடிக்கடி கீதையைத் துணைக்குக் கூப்பிடுவோம். பலனில் பற்று வைக்காதே என்று சொல்லியிருக்கிறதே, அப்புறம் என்ன என்போம். ஆனால் அதே இரண்டாம் அத்தியாயத்தில்தான், செயலில் திறமையாக இருப்பதே யோகம் என்ற கருத்தும் வருகிறது. பலனில் பற்று வைக்காமல் இருப்பது வேறு, பலனைப் பற்றி அக்கறையே இல்லாமல் இருப்பது வேறு. ஒருவருக்கு உதவப் போகிறவன், எனக்கு இது தெரியுமா என்று தன்னையும், நீ சொன்னது இதுதானா என்று அவரையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல மனசு வண்டியைக் கிளப்பும். ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக இரண்டு பக்கமும் பங்கு உண்டு. கேட்டவன் சரியாகக் கேட்க வேண்டும், செய்கிறவன் சரியாகச் செய்ய வேண்டும். இதுவரை வந்தால் கணக்கு முடிந்த மாதிரி இருக்கும். ஆளுக்குப் பாதி. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கணக்கு இல்லை. 'முட்டாள்' என்ற வார்த்தை.

எங்கள் பாடத்தில் 'போக்கா-யோக்கே' என்று ஒன்று வரும். ஜப்பானியச் சொல். 1960களில் டொயோட்டா தொழிற்சாலைகளில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் வளர்த்த முறை. மனிதன் தவறு செய்யத்தான் செய்வான், அந்தத் தவறு நடக்க முடியாதபடி பொருளை அமைத்துவிடு என்பதுதான் அதன் சாரம். உங்கள் கைப்பேசி சிம் கார்டில் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கிறதே, அதுவும் இந்த வகைதான். திருப்பிப் போட்டால் உட்காராது. இந்த முறைக்கு முதலில் இருந்த பெயர் 'பாக்கா-யோக்கே'. பாக்கா என்றால் முட்டாள். முட்டாளுக்கு ஈடு கொடுக்கும் ஏற்பாடு என்ற மாதிரி. அந்தப் பெயரால் தொழிலாளி ஒருவர் மனம் புண்பட்டது தெரிந்ததும் ஷிங்கோ பெயரை மாற்றினார். போக்கா என்றால் கவனக்குறைவால் வரும் தவறு. வார்த்தையில் ஓர் எழுத்துதான் மாறியது. ஆனால் பழைய பெயர் ஆளைக் குறை சொல்கிறது, புதிய பெயர் தவறைப் பார்க்கிறது.

தேர்வில் இதை நான் அழகாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் சொந்த மேசையில், ஒயர் மாறி மாட்டினாலும் போர்டு எரியாமல் இருக்க ஒரு டையோடு போட வேண்டும் என்று தெரிந்தும் போடவில்லை. அவசரம். அந்தத் தவறுக்கு எனக்கு நானே 'அவசரம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். அவன் தவறுக்கு 'முட்டாள்' என்று பெயர் வைத்தேன். என் தவறு ஒரு சம்பவம், அவன் தவறு அவன் குணம். நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் செய்யும் அநியாயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

திருக்குறளில் 'நட்பு' என்ற அதிகாரம் நமக்குத் தெரியும். நட்பு சிரித்துப் பேச மட்டும் இல்லை, நண்பன் எல்லை மீறும்போது இடித்துச் சொல்லவும்தான் என்று அதில் வருகிறது. நான் கத்தியதற்கு அதைக்கூடச் சாக்காக வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டு அதிகாரம் தள்ளி 'பழைமை' என்று ஒன்று இருக்கிறது. நண்பர் நமக்கு நோவு தரும்படி ஒன்றைச் செய்துவிட்டால், அது அறியாமல் செய்ததாக இருக்கும், இல்லையென்றால் நம்மிடம் உள்ள மிகுந்த உரிமையால் செய்ததாக இருக்கும் என்று எடுத்துக்கொள் என்கிறார் வள்ளுவர். என் நண்பன் விஷயத்தில் இரண்டுமே இருந்தது. சர்க்யூட் தெரியாது, அது அறியாமை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்து என் வண்டியில் கை வைத்தான், அது உரிமை. இடித்துச் சொல்வது அவன் நல்லா வர வேண்டும் என்பதற்காக. நான் கத்தியது என் பயத்தைக் கொட்ட ஓர் இடம் வேண்டும் என்பதற்காக.

படத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. வேலையும் திட்டும் தாங்காமல் ஸ்டேன் ஒரு கட்டத்தில் பொறுமை இழக்கிறான். எனக்குப் புத்தி இருந்தால் இப்போதே உன்னை விட்டுவிட்டுப் போயிருப்பேன் என்கிறான். நல்லவேளை உனக்குப் புத்தி இல்லை என்கிறான் ஆலி. ஆமாம், நல்லவேளைதான் என்று ஸ்டேனும் ஒத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறான். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அது சுருக்கென்று பட்டது. லாப நஷ்டம் பார்க்கிற புத்தி இருந்தால் யாரும் இரவு இரண்டு மணிக்கு அடுத்தவன் வேலைக்கு எழுந்து வரமாட்டான்.

நிஜ வாழ்க்கையில் நிலைமை தலைகீழ். திரையில் மண்டு மாதிரி நடித்த ஸ்டேன் லாரல்தான் காட்சிகளை யோசித்து, படத்தொகுப்பு வரை கூடவே உட்கார்ந்தவர். ஹார்டிக்குப் படப்பிடிப்பு முடிந்தால் கோல்ஃப். 1957-இல் ஹார்டி இறந்த பிறகு, 1965-இல் தான் இறக்கும்வரை லாரல் மறுபடி நடிக்கவே இல்லை.

படம் முடிந்ததும் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. கடைசியாகச் சேர்ந்து பார்த்தபோதும் அந்த மழைக் காட்சியில் "பாவம்டா ஒல்லி" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன், "எந்த ஒல்லி தாத்தா?" என்று. "கதவச் சாத்திட்டு வெளிய போறானே, அவன்தான். இவனுக்காச்சும் உக்கார நாற்காலி இருக்கு" என்றார். இத்தனை வருடம் நான் தப்பான ஆளுக்குப் பாவப்பட்டிருக்கிறேன். அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன், அவ்வளவுதான்.

அன்று இரவே ஜோகூருக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று தயார் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. "மச்சான், அன்னிக்கு நான் சொன்னது பேட்டரிய. ஒழுங்கா சொல்லல. அது என் தப்பு. உன்ன அப்படிப் பேசினது அதவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிடு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேட்டரியா?" என்றான். ஐந்து மாதமாக அவனுக்கு அது தெரியாது. நான் சொன்னதைத்தான் செய்தோம், ஆனால் எங்கோ சொதப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

இன்னொன்றும் சொன்னான். சாதாரணமாகத்தான் சொன்னான். அன்று காலை ஒன்பது மணிக்கு அவனுக்கும் டெஸ்ட் இருந்ததாம். படிக்க எழுந்தவன் என் புலம்பலைக் கேட்டு வந்திருக்கிறான். மார்க் எவ்வளவு என்று கேட்டேன். "அத விடு மச்சான்" என்றான்.

அதை விட முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவனிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். பேர் போடாதே என்று மட்டும் சொன்னான்.

நண்பர்களே, நல்ல மனசு மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. கேட்கிறவனுக்குத் தெளிவு வேண்டும், செய்கிறவனுக்குத் திறமை வேண்டும். ஆனால் போர்டை அடுத்த வாரம் கடையில் வாங்கிவிடலாம். பாயிண்டரை அடுத்த செமஸ்டரில் ஏற்றிக்கொள்ளலாம். நல்ல மனசு எந்தக் கடையிலும் கிடையாது. எதுவோ எரிந்துபோன கோபத்தில் நீங்களும் யாரையாவது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொல்லியிருந்தால், அவர் இன்னும் வெளியே மழையில்தான் நிற்கிறாரோ என்னவோ. ஒரு போன் செய்து பாருங்கள். முதலில் உங்கள் பங்கைச் சொல்லுங்கள். மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.